குல்மோகர் வளர்ப்பு: முதல் 5 வருடம் கவட்டையைக் கவனியுங்கள்

கோடை உச்சத்தில் இலையே தெரியாமல் மரம் முழுக்கச் சிவப்பாக நிற்கும் குல்மோகரைப் பார்த்துவிட்டு, நம் வாசலிலும் ஒன்று வைத்தால் என்ன என்று நினைக்காதவர்கள் குறைவு. தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்த இடத்தில் வைப்பது, சின்னதாக இருக்கும்போது எப்படிக் கவாத்து செய்வது என்ற இரண்டில் கோட்டை விட்டால், ஆசையாக வளர்த்த மரத்தைப் பத்து வருடம் கழித்து நாமே ஆள் வைத்து வெட்ட வேண்டி வரும். நான் வைத்த முதல் மரம் அவ்வளவு நாள்கூடத் தாங்கவில்லை, ஏழாவது வருடமே இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குல்மோகர், செம்மயிற்கொன்றை, மே மாதப் பூ எல்லாம் ஒரே மரம்தான், தாவரவியல் பெயர் டெலோனிக்ஸ் ரீஜியா, பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. நர்சரியில் போய் வெறுமனே மயில்கொன்றை என்று கேட்டால் பத்து அடியைத் தாண்டாத ஒரு புதர்ச்செடியைக் கையில் கொடுத்துவிடக்கூடும். பூ ஜாடை ஒன்றுபோல இருக்கும், நிழலுக்கு உதவாது. இயல்வாகையை மஞ்சள் குல்மோகர் என்று சொல்லி விற்பதும் உண்டு, அதுவும் நல்ல மரம்தான், ஆனால் வேறு மரம். வாதநாராயண மரம் தெரியும் இல்லையா, அதுதான் இதற்கு ரத்த சொந்தம், இரண்டும் ஒரே பேரினம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பலரும் இதைச் சொல்வதில்லை. வறண்ட கோடை உள்ள இடங்களில் குல்மோகர் கோடைக்கு முன்பே இலையை உதிர்த்துவிடும். பூ முதலில் வரும், இலை அதோடு சேர்ந்தோ பின்னாலோதான் வரும். அதாவது வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்களில் நிழல் பாதிதான் கிடைக்கும். பூ முடிந்த பிறகு வரும் இறகு இறகான இலைகள் தரும் நிழல் அருமையாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோடையில் நிழல் வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் புங்கையை வையுங்கள். பூவுக்காகவும் நிழலுக்காகவும் சேர்த்துத்தான் என்றால் மேலே படிக்கலாம்.

இடம்

வளர்ந்த மரம் 30 முதல் 40 அடி உயரம் போகும், ஆனால் இதன் குடை பெரும்பாலும் உயரத்தைவிட அகலமாக விரியும். கன்று வாங்கும்போது குச்சி மாதிரி இருப்பதைப் பார்த்து யாருக்கும் அது உறைப்பதில்லை. சுவரிலிருந்து நான்கடி தள்ளி நட்டுவிட்டு, பிறகு ஒரு பக்கக் கிளையை எல்லாம் வெட்டி, மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சுவரிலிருந்து 30 அடியாவது தள்ளி வையுங்கள். மதில், சிமெண்ட் நடைபாதை, கழிவுநீர்த் தொட்டி, குழாய் போகும் பாதை இவற்றுக்கும் அதே கணக்குத்தான். இதன் வேர் ஆழமாகப் போவதைவிட மேலாகப் படர்வதில்தான் கெட்டி, வயதான மரத்தில் அடித்தண்டைச் சுற்றிப் பலகை போலப் புடைத்துக்கொண்டு நிற்கும், மேலே போட்ட கல்லையும் சிமெண்டையும் நிதானமாகத் தூக்கிவிடும். அவ்வளவு இடம் இல்லை என்றால் இந்த மரம் வேண்டாம், வருத்தமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

மேலே மின்கம்பி போகக் கூடாது. நாள் முழுக்க வெயில் வேண்டும், அரை நிழலில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நீண்டு ஒல்லியாக வளருமே தவிர பூக்காது. பலமான காற்று நேராக வந்து மோதும் திறந்த மேட்டையும் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் இதன் கட்டை லேசானது, கிளை வளையாது, படக்கென்று முறியும். மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. செம்மண், மணல், சரளை, கொஞ்சம் உப்புத்தன்மை எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்ளும். தண்ணீர் தேங்குவது மட்டும் ஆகாது. குழி தோண்டியதும் ஒருமுறை நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். பனி உறையும் குளிர் உள்ள இடத்திலும் கன்று தாங்காது.

விதையிலிருந்து

கன்று வாங்கி நடலாம், சீக்கிரமும் கூட. ஆனால் விதை போட்டு வளர்ப்பது அவ்வளவு சுலபம், தண்டும் ஆரம்பத்திலிருந்து நம் கண் பார்வையில் இருக்கும், அதனால் நான் விதைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஒரே ஒரு சிக்கல், பூவின் நிறம் தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அடர் சிவப்புக்குப் பதிலாக ஆரஞ்சு வரலாம்.

மரத்தடியில் கிடக்கும் முற்றிய நெற்றை எடுங்கள். ஒன்றரை அடி, இரண்டு அடி நீளத்துக்கு, கறுத்து, மரக்கட்டை மாதிரி இருக்கும், ஆட்டினால் கிலுகிலுப்பை போலச் சத்தம் வரும். கையால் பிளப்பது கஷ்டம், விளிம்பை நிறுத்திவைத்துச் சுத்தியலால் தட்டினால் இரண்டாகத் திறக்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனி அறை, குறுக்கே வரிசையாகப் படுத்திருக்கும். விதை நீளவாக்கில், பழுப்பில் கோடு போட்ட மாதிரி, கூழாங்கல் அளவுக்குக் கெட்டியாக இருக்கும். இதை அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகாததுதான் காரணம். அந்தத் தோலில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுப்பதுதான் நம் வேலை.

விதையை விரல்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காயோடு ஒட்டியிருந்த முனை எது என்று பாருங்கள், அங்கே ஒரு சின்னத் தழும்பு இருக்கும். முளை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். எதிர் முனையை உப்புத்தாளில் வைத்துத் தேயுங்கள், அல்லது நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கடியுங்கள். பழுப்பு போய் உள்ளே வெளிர் நிறம் ஒரு கடுகு அளவுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் தண்ணீரில் போட்டு ஒரு நாள் விட்டால் விதை ஊதி ஏறக்குறைய இரண்டு மடங்காகி, தோல் மெத்தென்று ஆகிவிடும். நிறைய விதை இருந்தால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது, கொதித்த தண்ணீரை இறக்கிவைத்து, ஒரு நிமிடம் கழித்து விதை மேல் ஊற்றி அப்படியே மறுநாள் வரை ஆறவிடுங்கள். ஊதியதை எல்லாம் பொறுக்கி விதைத்துவிட்டு, ஊதாததை மட்டும் மறுபடி அதே மாதிரி செய்யலாம். வெந்நீரில் விதையைப் போட்டு அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் வெந்துதான் போகும், அதைச் செய்யாதீர்கள்.

ஊறிய விதையை அரை அங்குலம் முதல் முக்கால் அங்குல ஆழத்தில், உயரமான பையில் போடுங்கள். தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம், ஏனென்றால் ஆணிவேர் வேகமாக இறங்கும், அடியில் இடித்துச் சுருண்டுகொண்டால் அந்தச் சுருள் பிறகு நிமிராது. ஒரு வாரம், பத்து நாளில் தடிமனான இரண்டு விதையிலைகளைத் தூக்கிக்கொண்டு எழும். ஈரம் போதும், சகதி வேண்டாம். முளைத்த நாளிலிருந்தே வெயில் காட்டுங்கள். ஒன்றரை அடி வந்ததும் நட்டுவிடலாம், பையிலேயே ஒரு வருடம் வைத்திருந்து பெரிதாக்கி நடுவதில் எந்த லாபமும் இல்லை.

நடுவது

மழை தொடங்கும் சமயம் நல்லது. குழி இரண்டடி ஆழம், மூன்றடி அகலம். தோண்டிய மண்ணோடு ஒன்றிரண்டு கூடை மட்கிய தொழுவுரம் கலந்தால் போதும், குழி முழுக்க உரத்தைக் கொட்டினால் வேர் அந்தச் சுகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், வெளியே போகாது. பையைக் கிழித்து எடுத்ததும் வேரைப் பாருங்கள், வட்டமாகச் சுற்றியிருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள், பிரிக்க முடியாததை வெட்டிவிடுங்கள். பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் மண்ணிலும் இருக்க வேண்டும், தண்டைப் புதைக்கக் கூடாது. காற்றில் ஆடினால் ஒரு குச்சி ஊன்றித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள். லேசாக ஆடினால்தான் தண்டு பருக்கும்.

முதல் சில மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி, மண் நன்றாக நனையும்படி. பிறகு வாரம் ஒருமுறை, அளவைக் கூட்டி. தினமும் ஒரு சொம்பு தெளிப்பதுதான் பலரும் செய்யும் தப்பு, மேல் மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே நின்றுவிடும். மரம் வளர வளர வட்டப்பாத்தியைத் தண்டிலிருந்து தள்ளித் தள்ளிப் பெரிதாக்குங்கள், தண்ணீர் குடிக்கும் வேர் பெரும்பாலும் குடையின் ஓரத்தை ஒட்டியும் அதற்கு வெளியேயும்தான் இருக்கிறது, தண்டை ஒட்டி இல்லை. சருகோ வைக்கோலோ மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடலாம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மூன்றாவது வருடத்துக்குப் பிறகு பெரும்பாலும் தண்ணீர் கேட்காது. உரம் என்றால் முதல் மூன்று வருடம் மழைக்கு முன்னால் ஒரு கூடை தொழுவுரம், அவ்வளவுதான். யூரியா பக்கம் போகவே வேண்டாம். இலைதான் வரும், அதோடு கிளையும் நீளமாக, பலமில்லாமல் ஓடும்.

கவாத்து

சரி, இப்போது அந்த முதல் மரம்.

நர்சரியிலிருந்து வாங்கி வந்த கன்று, இரண்டாம் வருடம் நான்கடி உயரத்தில் நுனி ஒடிந்து இரண்டு கிளையாகப் பிரிந்தது. இரண்டும் ஒரே தடிமன், ஒரே உயரம், கைகூப்பி நிற்பது போல அழகான கவட்டை. வெட்ட மனமே வரவில்லை. ஐந்தாம் வருடம் பூத்தது, நான் பெருமையாக எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஏழாம் வருடம் மழையோடு வந்த ஒரு காற்று, பெரிய காற்றுகூட இல்லை, ராத்திரி துணி கிழிவது போல நீளமாக ஒரு சத்தம் கேட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கவட்டையில் ஆரம்பித்து அடி வரைக்கும் பிளந்து பாதி மரம் தரையில் கிடக்கிறது. பிளந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இரண்டு தண்டும் சேர்ந்த மரமாக இருந்தது அடியில் நாலு விரல் அகலம்தான். அதற்கு மேல் முழுக்க இரண்டு பக்கத்துப் பட்டையும் உள்ளே மடங்கி, கறுத்து, ஈரம் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டாமலே ஐந்து வருடம் இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாக வளர்ந்த மாதிரித்தான் தெரியும்.

அதனால் கவட்டையைப் பாருங்கள். இரண்டு கிளை சேரும் இடம் 'ப' வடிவத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தது போல அகலமாக, வட்டமாக இருந்து, சேருமிடத்தில் பட்டை ஒரு மேடு போல வெளியே உப்பியிருந்தால் பலமானது. ஊசி முனை போலக் குறுகி, பட்டை உள்பக்கமாகப் பள்ளமாகப் போகிறது என்றால் அது பிளக்கப் போகிற இடம். விரல் தடிமனில் இருக்கும்போது கண்டுபிடித்தால் ஒரு கத்தரிப்பில் முடிந்துவிடும், இரண்டில் எது நேராக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

மீதி விதிகளும் இதே யோசனையிலிருந்து வருபவைதான். 8 முதல் 10 அடி வரைக்கும் ஒரே தண்டு, ஒரே நுனி. நுனி ஒடிந்து நாலைந்து சிம்பு கிளம்பினால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். கீழே வரும் கிளைகளை ஒரேயடியாக மொட்டை அடிக்காதீர்கள், அவைதான் தண்டுக்குச் சாப்பாடு போட்டுப் பருக்க வைக்கின்றன. நுனியைக் கிள்ளிக் குட்டையாக வைத்திருந்து, மேலே கிளை வந்த பிறகு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம். நிலையாக இருக்கப்போகும் பெரிய கிளைகள் ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பி போலக் கிளம்பக் கூடாது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டடி இடைவெளி இருக்கட்டும், வெவ்வேறு திசையில் போகட்டும். எந்தக் கிளையும் அது புறப்படும் இடத்தில் தண்டின் பாதித் தடிமனைத் தாண்டவிடாதீர்கள். தாண்டப் பார்த்தால் அதன் நுனியை வெட்டிக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். ஒரு வருடத்தில் இலைக் கூட்டத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம். இதை 5 வருடம், வருடத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் செய்தால் போதும், அதற்குப் பிறகு ஏணியே தேவைப்படாது.

சின்னக் கன்றை இலை உதிர்ந்து நிற்கும்போது வெட்டுவது வசதி, எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும். பூக்க ஆரம்பித்த மரத்தைப் பூ முடிந்த பிறகுதான் தொட வேண்டும், கிளை நுனியில்தான் பூங்கொத்து வரும் என்பதால் முன்னாடியே வெட்டினால் அந்த வருடத்துப் பூ போச்சு.

மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் உள்ள கிளையை ஒரே அறுப்பில் எடுக்கக் கூடாது, பாதி அறுக்கும்போதே பாரத்தில் முறிந்து தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடிப்பக்கமிருந்து கால்வாசி அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சம் நிற்கும் கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும், அதை விட்டுவிட்டு அதன் வெளி விளிம்பில் அறுங்கள். அந்தப் புடைப்புத்தான் காயத்தை மூடுகிறது. தண்டோடு வழவழவென்று சீவிவிட்டால் காயம் பெரிதாகி உள்ளே அழுகும், ஒரு சாண் கட்டையை விட்டுவிட்டாலும் அழுகும். வெட்டின இடத்தில் பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம், மரம் தானே மூடிக்கொள்ளும். மரம் உயரமாகிவிட்டது என்று உச்சியை மொட்டையாக வெட்டுவது இருப்பதிலேயே மோசம், அங்கிருந்து கொத்தாகக் கிளம்பும் புதுக் கிளைகள் எல்லாம் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை, அடுத்தடுத்து முறியும்.

பூச்சியும் நோயும்

இலையைச் சல்லடையாக்கும் பச்சைப் புழுக்கள் சில வருடம் வரும், வளர்ந்த மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். கன்றாக இருந்தால் கையால் பொறுக்குங்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். தண்டில் ஓட்டையும் அதைச் சுற்றி மரத்தூளும் தெரிந்தால் துளைப்பான் புழு, கம்பியை உள்ளே விட்டுக் குத்தி எடுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அடிமரத்திலோ வேரிலோ அடுக்கடுக்காக முளைக்கும் கெட்டியான காளானுக்கு. அது வெளியே தெரிகிறது என்றால் உள்ளே அழுகல் ஏற்கெனவே பரவியிருக்கும், மேலே இலை பச்சையாக இருப்பதை நம்பிவிடாமல் மரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். ஒரு பக்கம் மண் வெடித்து மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான்.

இதில் பாதிக்கு மேல் நாமே இழுத்துவிடுவது. தண்டு வரைக்கும் சிமெண்ட் பூசுவது, மேலே வந்த வேர் அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டுவது அல்லது மண் போட்டு மூடுவது, ஆணி அடிப்பது, அடியில் குப்பை கொளுத்துவது. வேர் வெளியே தெரிந்தால் மேலே சருகைப் பரப்பிவிட்டுப் பேசாமல் இருங்கள். அடியில் புல் வளர்க்கிற ஆசையையும் விட்டுவிடுங்கள், வேரும் நிழலும் விடாது. இலைகள் பொடிப்பொடியாக உதிர்வதால் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். உதிர்ந்த பூ மழையில் நனைந்தால் வழுக்கும், படியில் கிடந்தால் பெருக்கிவிடுங்கள். காய்ந்த கிளையை மழைக்காலத்துக்கு முன்னால் எடுத்துவிடுங்கள், வண்டியை அடியில் நிறுத்துவது உங்கள் தைரியம்.

ஏன் பூக்கவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விதையிலிருந்து வந்த மரம் 5 வருடத்தில் பூக்கலாம், 10 வருடமும் ஆகலாம், அதற்கு முன் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. வயதான பிறகும் பூக்கவில்லை என்றால் வெயில் போதாமல் இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும் உரமும் தண்ணீரும் இதற்கும் கிடைத்துக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் யாராவது வருடா வருடம் நுனியை வெட்டிக்கொண்டிருப்பார்கள். பூக்கும் பருவத்துக்கு முந்தைய வறண்ட மாதங்களில் தண்ணீரைச் சுத்தமாக நிறுத்திப் பாருங்கள், கொஞ்சம் காய்ந்தால்தான் இந்த மரத்துக்குப் பூக்கத் தோன்றும்.

முதல் பூப்பு மரம் முழுக்க வராது, உச்சியில் ஏதோ ஒரு கிளையில் ஒரு கொத்து வரும், கீழிருந்து தெரியவே தெரியாது. விழுந்த மரத்தின் கிளையில் தொங்கிக்கொண்டிருந்த நெற்றை உடைத்து நான் போட்ட விதையில் வந்த இரண்டாவது மரம் ஆறாம் வருடம் அப்படித்தான் பூத்தது, எனக்குத் தெரியாது. ஐந்து இதழில் நான்கு சிவப்பாகவும் ஒன்று மட்டும் வெள்ளையில் தீற்றல் போட்டதாகவும் இருக்கும், அந்த வெள்ளை இதழ் ஒன்று வாசலில் கிடந்ததைக் காலில் மிதித்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்த்தேன்.